நான் கையெழுத்திட்ட சுற்றறிக்கை

நான்கு நாடுகளில் பள்ளிகள் நடத்தும் ஒரு குழுமத்தில் கல்விப் பிரிவின் தலைவனாக இருந்தேன். குழுமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பழியில் பாதி அங்கே போய்விடும். அது எனக்கு வசதியாக இருக்கும்.

தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, அமீரகம். நிறுவனரின் பூர்வீகம் புதுக்கோட்டை மாவட்டம். லாபம் பெரிதாக வராது என்று தெரிந்தும் ஊர்ப்பாசத்தில் இந்த மாவட்டத்திலும் ஒரு பள்ளி திறந்தார். என் ஊரும் இங்கேதான், திருமயத்துக்குப் பக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் நான். நிறுவனர் திறந்த அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பேசுகிற பேச்சு என் வீட்டுப் பேச்சு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

2014இல் எனக்குக் கொடுத்த வேலை இதுதான்: பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். கேட்கச் சின்ன வேலை. கால அட்டவணையைக் கையில் எடுத்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். அமீரகத்தில் தனியார் பள்ளியாக இருந்தாலும் அரபி கற்பித்தாக வேண்டும். மலேசியாவில் மலாய். இலங்கையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வளாகத்தில். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்று முதல் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். அமீரகப் பள்ளியில் மட்டும் இந்தி கேட்கும் பெற்றோர், மலையாளம் கேட்கும் பெற்றோர், தமிழ் கேட்கும் பெற்றோர் என்று மூன்று வரிசை. இத்தனையையும் ஒரு வாரத்தின் பாடவேளைகளுக்குள் அடக்க வேண்டும். எல்லோருக்கும் வேண்டியது ஆங்கிலம். அதற்கு இடம் எங்கிருந்து எடுப்பது?

சட்டம் காவல் நிற்கும் மொழியில் கைவைக்க முடியாது. அரபியைத் தொட்டால் உரிமம் போகும். மலாயைத் தொட்டாலும் அப்படித்தான். இந்தியைத் தொட்டால் பெற்றோர் திரண்டு வருவார்கள். அமீரகத்திலும் கொழும்பிலும் தமிழுக்கு அப்படி யாரும் திரண்டு வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாக இருந்தது. தமிழைக் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளினேன். வாரத்துக்கு இரண்டு போதும் என்றேன்.

புதுக்கோட்டையில் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் அதற்கு முந்தைய எல்கேஜி, யுகேஜி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடமும் வகுப்பறையில் ஆங்கிலம் மட்டும். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தமிழ்ப் பாடவேளை தவிர மற்ற எல்லா நேரமும் ஆங்கிலம். இதோடு இன்னொன்றும் சேர்த்தேன். நான்கு நாட்டுப் பிள்ளைகளுக்கும் டேப்லெட்டில் ஒரே சோதனை, ஆங்கிலத்தில். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கிய பிள்ளைகள் ‘சப்போர்ட் குரூப்’ என்று தனி அறைக்குப் போவார்கள். இதுதான் சுற்றறிக்கை. கீழே என் கையெழுத்து.

எனக்கு வேறு வழி தெரியாமல் இருந்ததா? இல்லை.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது நான் கல்லூரி மாணவன். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் பழகிய காலம். பிற்பாடு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வெளியுலகமும் அறிந்துகொண்டது. நானும் தொண்டனாகப் போனேன். கல்குவாரியில் வேலை செய்யும் பெண்களுக்கு ராத்திரி வகுப்பு. பகலெல்லாம் கல் உடைத்த கை, பல்பத்தைப் பிடிக்கும்போது நடுங்கும். ஆனால் கணக்கு அவர்களுக்கு நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை லோடு, லோடுக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழித்திருக்கிறான், எல்லாம் வாயாலேயே போட்டுவிடுவார்கள். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் தெரியாது. ஓர் அம்மா என்னிடம் சீட்டை நீட்டி, “இதுல ஏழுன்னு இருக்கா தம்பி, அஞ்சுன்னு இருக்கா?” என்று கேட்டார். ஏழு லோடு ஏற்றியவருக்குச் சீட்டில் ஐந்துதான் இருந்தது. அவருக்கு அறிவு குறைவு என்று நினைக்க எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. எழுத்து குறைவு, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் இந்த வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். ஒதுக்கி வைத்தேன்.

புத்தக அறிவுக்கும் குறைவில்லை. பிள்ளையின் கல்வியைத் தாய்மொழியில் தொடங்குங்கள் என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டுதான் லக்சம்பர்க்கில் முதல் ஐரோப்பியப் பள்ளி தொடங்கியது. ஐரோப்பிய நிலக்கரி, உருக்குச் சமூகத்தில் வேலை பார்த்த பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி. இன்று ஆறு நாடுகளில் 13 பள்ளிகள். பல நாடுகளில் பல மொழிகளில் பள்ளி நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். அங்கே பிள்ளை எழுத்தையும் கணக்கையும் வீட்டு மொழியில் கற்கிறது. இரண்டாம் மொழி முதல் வகுப்பிலேயே உண்டு, ஆனால் மொழிப்பாடமாக. வரலாறு, புவியியலை அந்த இரண்டாம் மொழியில் படிப்பதெல்லாம் மேல்வகுப்புகளில்தான். தன் மொழிக்கென்று தனிப் பிரிவு இல்லாத பிள்ளைக்கும் அந்த மொழியைப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். நிர்வாகக் குழுவுக்கு நான் போட்டுக் காட்டிய பவர்பாயிண்ட்டில் அந்தப் பள்ளிகளின் படம் இருந்தது. பல நாட்டுக் கொடிகள், சிரிக்கும் பிள்ளைகள். அடுத்த ஸ்லைடில் என் திட்டம். அவர்கள் செய்வதற்கு நேர் எதிரான திட்டம். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தேன்: “அது அரசாங்கப் பணம், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள். நமக்குக் கட்டுப்படியாகாது.” அதில் உண்மையும் உண்டு. மொழிக்கொரு பிரிவு வைத்தால் ஆசிரியர் செலவு ஏறும். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கேள்வியை அதன் மொழியில் கேட்க என்ன செலவு?

மலேசியா இன்னும் பக்கத்தில் இருந்தது. அந்த நாட்டு அரசு 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. தமிழ்ப் பள்ளிகளும் மாறின. 2009இல் அமைச்சரவை அதைக் கைவிட முடிவெடுத்தது. கிராமப்புற மாணவர்கள் பின்தங்கியதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் மலேசியப் பள்ளி முதல்வர் ஆன்லைன் மீட்டிங்கில் இதை எடுத்தார். “நாங்க இதைச் செஞ்சு பார்த்துட்டு விட்டுட்டோம் சார்” என்றார். “அது அரசு. நாம் தனியார்” என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இனி அந்தச் சிறுமி.

இரண்டாம் வகுப்பு. அறந்தாங்கிப் பக்கத்து ஊரிலிருந்து வேனில் வருவாள். அப்பா வெளிநாட்டில் சாப்பாட்டுக் கடையில் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் ஃபீஸ். சோதனையில் அவள் மதிப்பெண் மிகக் கீழே. பட்டியலில் பெயர் சிவப்பில் இருந்தது. நான் அந்த வாரம் புதுக்கோட்டைப் பள்ளியில் இருந்தேன். வகுப்பாசிரியை என் அறைக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். அந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

“சார், இவளுக்குக் கணக்கு நல்லா வருது. கேள்விதான் புரியல. நீங்களே பாருங்க” என்றார்.

டேப்லெட்டில் அந்தக் கேள்வியைத் திறந்தார். மூன்று ட்ரே, ஒவ்வொன்றிலும் ஆறு மஃபின், மொத்தம் எத்தனை என்று ஆங்கிலத்தில். சிறுமி அதைப் பார்த்தாள். பிறகு ஆசிரியையின் புடவையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஆசிரியை டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“மூணு தட்டு இருக்குடா. தட்டுக்கு ஆறு முறுக்கு. மொத்தம் எத்தன?”

“பதினெட்டு.”

விரலை மடக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. பிறகு தானாகவே சொன்னாள்: “ஆனா எங்க அப்பத்தா தட்டுக்கு அஞ்சுதான் வைக்கும்.”

ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் பிள்ளை பெருக்குவாள். பெருக்கியதைத் தன் வீட்டோடு ஒப்பிட்டும் பார்ப்பாள். எங்கள் சோதனை அதை அளக்கவில்லை. அது அளந்தது ஆங்கிலத்தை. அதுவும் மஃபின் சாப்பிட்ட பிள்ளையின் ஆங்கிலத்தை.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒரு போன். சோதனையை நிறுத்துங்கள், வீட்டு மொழியில் திரும்ப நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. நான்கு நாட்டிலும் பட்டியல் அப்போது என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. ஆனால் நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அடிப்படையே தப்பு என்று நிறுவனரிடம் நான் சொல்ல வேண்டும். மலேசிய முதல்வர் சொன்னது சரி என்று எல்லோர் முன்னாலும் ஆகிவிடும்.

“டீச்சர், ஒரு பிள்ளைக்காக சிஸ்டத்தை மாத்த முடியாது. டேட்டா இருக்கு” என்றேன்.

“ஒரு பிள்ள இல்ல சார். வேன்ல வர்ற பிள்ளைங்க பூரா அந்த லிஸ்ட்லதான் இருக்கு” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பட்டியலில் பெயருக்கு எதிரே ஊர் இருந்தது. நகரத்தில் இருந்து வரும் பிள்ளைகள் ஒருபுறம், கிராமத்துப் பிள்ளைகள் இன்னொருபுறம் என்று அது தானாகவே பிரிந்து கிடந்தது. எக்ஸெல்லில் ஊர்ப்பெயர் இருந்த பத்தியை நான் மறைத்து வைத்துப் பார்த்திருந்தேன். அன்று மாலை பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தேன்.

அந்த ஆசிரியைக்கு அந்த வருட மதிப்பீட்டில் நான் எழுதிய வரி: “மாற்றத்தை ஏற்கத் தயங்குகிறார்.” அவருடைய சம்பள உயர்வு நின்றது. அவர் என்னிடம் வந்து ஏன் என்று கேட்கவே இல்லை.

சில நாள் கழித்துச் சிறுமியின் அம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “எம் புள்ளைக்கு மூளையில ஏதும் கொறையா சார்?” என்று கேட்டார். தனி அறைக்குப் போகும் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். “அப்படியெல்லாம் இல்லம்மா. கொஞ்சம் கூடுதல் கவனிப்பு, அவ்வளவுதான். வீட்டில் இங்கிலீஷ்ல பேசிப் பழக்குங்க” என்றேன். அவர் எட்டாவது வரை படித்தவர். படிவத்தில் அது என் முன்னால்தான் இருந்தது. தெரிந்தே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பின்னால் வகுப்பாசிரியைதான் சொன்னார். அந்த வீட்டில் பிள்ளையிடம் பேச்சைக் குறைத்துவிட்டார்களாம். இங்கிலீஷ் வராது, தமிழில் பேசினால் பிள்ளை கெட்டுவிடும். அதனால் எதற்கு வம்பு என்று அம்மா பேசாமல் இருந்திருக்கிறார். அப்பத்தாவிடமும் “அதுகூட ரொம்பப் பேசாதிங்க” என்று சொல்லியிருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு மொழி எங்கிருந்து வரும்? கதை சொல்லும் கிழவியிடமிருந்து வரும். வேலிக்கு அந்தப்புறம் நடக்கும் சண்டையிலிருந்தும் வரும். அதை அடைத்தது நான். பிள்ளை வகுப்பில் ஆங்கிலமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை. அடுத்த ஜூனில் அம்மா டிசி கேட்டு வந்தார். ஊரிலேயே இருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார்.

எங்கள் பதிவேட்டில் விலகிய காரணம் என்ற இடத்தில் “குடும்பம் இடம் மாறியது” என்று இருந்தது. குடும்பம் எங்கும் மாறவில்லை. அந்தக் காரணத்தை அப்படிப் போடச் சொல்லி வாய்மொழியாக நான்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கு மட்டுமில்லை. சப்போர்ட் குரூப்பிலிருந்து டிசி வாங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும்.

ஏன் என்பது அடுத்த பரிசீலனைக் கூட்டத்தைச் சொன்னால் புரியும். சராசரி மதிப்பெண் ஏறியிருந்தது. அந்த வரைபடத்தைக் காட்டினேன், கைதட்டினார்கள். ஏறியதன் ரகசியம் எளிது. சோதனை எழுதியவர்களில் கடைசிவரை பள்ளியில் தங்கியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தேன். கீழே இருந்தவர்கள் டிசி வாங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் போனதாலேயே சராசரி ஏறியது. யாரும் நன்றாகப் படித்து ஏறவில்லை. புள்ளியியல் படிக்கிற முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும் தப்பு இது. எனக்கும் தெரிந்தது. அந்த வருடம் எனக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. திருச்சியில் ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்தேன். மனை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.

அமீரகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடவேளை குறைந்ததும் தமிழாசிரியர் ஒருவர் உபரியானார். அங்கே வேலை போனால் விசா போகும். அவருடைய மகன் எங்கள் பள்ளியிலேயே ஊழியர் சலுகையில் ஒன்பதாம் வகுப்பு படித்தான். மின்னஞ்சலில்தான் தெரிவித்தேன். போன் செய்யும் துணிவு இல்லை. “மகனுக்குப் பரீட்சை முடியும்வரை தேதியைத் தள்ளிப்போட முடியுமா சார்?” என்று பதில் வந்தது. அதை எச்ஆருக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். பெற்றோர் ஆங்கிலம்தான் கேட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். கேட்டார்கள்தான். தமிழ்நாட்டு அரசே 2012-13இல் தன் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளை நிறையத் திறந்தது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிற அம்மாவுக்கு ஆங்கிலத்தின் மேல் ஆசை இருப்பதில் ஒரு தவறும் இல்லை. பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஆங்கிலத்திலேயே தொடங்கினால்தான் வரும் என்பது நாங்கள் சேர்த்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

காரணம் என்னிடம் இருந்தது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்ததை நான் வெட்கமாக நினைத்தேன். மேடையில் மட்டும் “அரசுப் பள்ளி மாணவன்” என்று பெருமையாகச் சொல்வேன், கைதட்டு வாங்க. உள்ளுக்குள் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்துவிட்டு ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அந்தச் சிறுமி என் முன்னால் திகைத்து நின்றபோது நான் என்னைப் பார்த்தேன். பார்த்ததும் இரக்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல் வந்தது. அந்த நிலையிலிருந்து ஏறி வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், அவள் அதை ஞாபகப்படுத்தினாள். கர்வம் ஒரு பாதி. நாற்காலி போய்விடும் என்ற பயம் மறுபாதி. நிறுவனர் என்மேல் கோபப்பட்டதே இல்லை. கோபப்பட்டுவிடுவாரோ என்று நானே பயந்தேன்.

வேலையை விட்ட பிறகு எல்லாக் கணக்கையும் எழுதி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினேன். டிசி வாங்கிய பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி, அது ஏறவே இல்லை என்ற உண்மை, “இடம் மாறியது” என்ற பொய், ஆசிரியையின் மதிப்பீட்டில் நான் எழுதிய வரி. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. நான் அங்கே இருந்த காலத்திலேயே இதைச் செய்திருந்தால் பலன் இருந்திருக்கும். வெளியே வந்த பிறகு எழுதுவதில் பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அந்தச் சோதனை இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. வகுப்பாசிரியையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “அந்தப் புள்ளகிட்ட கேட்டிங்களா சார்?” என்றார். கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வழி தெரியும். இன்றுவரை போகவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையைப் பின்தங்கிய பிள்ளை என்று ஒரு பள்ளி தனியாகப் பிரித்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். கேள்வித்தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதே கேள்வியை வீட்டு மொழியில் உங்கள் முன்னால் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் அறைக்கு வந்த அந்த அம்மா இதைக் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது.